படம் தெளிந்த வீடு

ஒரு ரேடியோ பாடாமல் போனால், அதைத் திறப்பதற்கு முன்னால் சுவாமிதாஸ் வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்பான். "நிண்ணு போகும்போ வீட்டில என்ன நடந்துகிட்டிருந்தது?"

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் மோட்டார் ஓடியது, மழையில் சுவர் நனைந்தது என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே அவன் கேடு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வான்.

"எலே, நீ டிவி மெக்கானிக்கா, இல்ல போலீசா?" என்று அக்கா ஞானபாய் கேலி செய்வாள். வீட்டில்தான் கேலி. குழாயடியில் நாலு பெண்கள் கூடினால், "எனக்க தம்பி கை வச்சா அது பாடியே தீரும்" என்று முதலில் சொல்கிறவளும் அவள்தான்.

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. தகப்பன் இறந்தபோது அவள் ஏழாம் வகுப்போடு நின்று, முந்திரி உடைக்கிற அண்டி ஆபீசுக்குப் போனாள். முந்திரிப் பால் பட்டு விரல்கள் கறுத்துப் போயின. அந்தக் கையால்தான் தம்பியை நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏற்றிவிட்டு, ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கப் படிக்க வைத்தாள். அவன் காரோடு சந்தியில் உரக்கடையை ஒட்டிய ஒடுங்கிய அறையில் கடை போட்டான். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைப்பான். வேலை முடிந்தால் துணியில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் மழை தொடங்கியபோது ஷெர்லி அந்தக் கடைக்கு வந்தாள். கடற்கரையில், சிலுவை நட்ட குருசடிக்கு அப்பால் குடியிருப்பவள். புருஷன் கொச்சிப் பக்கம் போட்டில் வேலைக்குப் போயிருந்தான். அவள் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து நைட்டி தைத்துக் கொடுப்பாள்.

"அண்ணா, எங்க வீட்டு டிவியில படம் இடைக்கிடை போகுது. சினிமா பாக்கிற டிவி இல்ல. அம்மையப் பாக்கிற டிவி."

அவளுடைய அம்மை அல்போன்சம்மா கடலுக்கு மிக அருகே தனியாக இருந்தாள். இளைய மகன் சிபின் போன மழைக்காலத்தில் கடலுக்குப் போனவன். வள்ளம் கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. தேவாலயத்தில் அவனுக்காகப் பூசை வைத்தபோது அல்போன்சம்மா முன்வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பியதும், சிபினுக்குச் சோறு எடுத்து வைத்தாயா என்று மகளிடம் கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக ஆகிவிட்டது. ஷெர்லியின் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டாள். "சிபின் கரையேறினா இந்த வீட்டுக்கில்லியா வருவான்? வீடு பூட்டிக் கெடந்தா அவன் எங்க போவான்?"

மூத்த மகன் பயஸ் மஸ்கட்டில் இருந்தான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு கேமராவும் சின்னக் கறுப்பு வெள்ளை டிவியும் கொண்டுவந்தான். வாசலும் முற்றமும் வெளிக் கேட்டும் தெரியும்படி அம்மை வீட்டுக் கூரை இறவாணத்தில் கேமராவை வைத்தான். அங்கிருந்து தென்னைக்குத் தென்னை கேபிள் கட்டி ஷெர்லியின் வீட்டுக்குக் கொண்டுபோனான். தையல் மிஷினில் இருந்தபடியே அவள் அம்மையைப் பார்த்துக்கொள்ளலாம்.

படம் நன்றாகத்தான் வந்தது. பிறகு போகத் தொடங்கியது. திரை திடீரென்று சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பி வரும். முதலில் ஷெர்லி ஒவ்வொரு தடவையும் தையலைப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மை இயேசுவின் திருஇருதயப் படத்தின் முன்னால் முட்டுக்குத்தி ஜெபித்துக்கொண்டிருப்பாள். படத்தின் கீழே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். கடற்கரையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நிம்மதியோடு திரும்பி வருவாள். நாளடைவில் ஓடுவதை விட்டுவிட்டாள்.

அப்படி அவள் ஓடாத ஒரு நாளில், பக்கத்து வீட்டு ஈசாக் அல்போன்சம்மாவை இடுப்பளவு தண்ணீரிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

"அண்ணன் போன்ல சொல்லிட்டான்," என்றாள் ஷெர்லி. "ஓணத்துக்கு வருவானாம். அதுக்குள்ள படம் ஒழுங்கா நிக்கல்லன்னா அம்மைய நெய்யாற்றின்கரையில சிஸ்டர்மாருக்க முதியோர் இல்லத்தில கொண்டு விட்டுருவானாம். அம்மை அங்க இருக்கமாட்டா அண்ணா. அந்த வீட்ட விட்டு எறக்கினா செத்துப் போவா."

சுவாமிதாஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "படம் போகும்போ அங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல்ல. அம்மை ஜெபம் செய்துகிட்டிருப்பா. அவ்வளவு தான்."

அவன் சைக்கிளில் போனான். கேமராவின் பின்னால் கேபிள் சேரும் கனெக்டர், கடலின் உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடந்தது. கேடு அதுதான் என்று நினைத்தான். வெட்டிப் புதிதாக ஈயம் வைத்து, கிரீஸ் பூசி, டேப் சுற்றினான். இரண்டு நாள் படம் நிலைத்து நின்றது, பிறகு போயிற்று. மறுபடி வந்து தென்னைதோறும் ஏறினான். அணில் கடித்த ஓர் இடம் கிடைத்தது. கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஈசாக் அண்ணாந்து பார்த்தான்.

"எலே மெக்கானிக்கே, ஏறினது ஏறியாச்சு. ரெண்டு இளநிக் கருக்கு வெட்டிப் போடு."

"கருக்கு வேணும்னா நீரு ஏறும். நான் படத்துக்காக்கும் ஏறினது."

"அது கிட்டாது மக்கா. உப்புக்காத்துக்கு இரும்பே நிக்காது, பின்ன படமா நிக்கும்?"

அணில் கடித்த கேபிளையும் மாற்றினான். கேமராவுக்கு வரும் கரண்டை மீட்டர் வைத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவன் வந்து நிற்கும்போதெல்லாம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அல்போன்சம்மா பால் விடாத கட்டன்காப்பி போட்டுக் கொடுத்து, "படம் தெளிஞ்சுதா மக்கா?" என்று கேட்பாள். எந்தப் படம் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்பாள்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கரண்டு கொடுக்கும் அடாப்டர், முன்னறையில் திருஇருதயப் படம் இருந்த தட்டுக்குப் பின்னால், ஒரு சின்னத் திரைச்சீலைக்குள் சொருகியிருந்தது. சுவாமிதாஸ் கத்தோலிக்கன் அல்ல, சி.எஸ்.ஐ. சபைக்காரன். அவன் வீட்டில் படமும் கிடையாது, விளக்கும் கிடையாது. பிறத்தியார் ஜெபம் பண்ணும் இடத்தில் கை நீட்டக்கூடாது என்று அக்கா சொல்லி வளர்த்தவன். அதனால் ஷெர்லியைப் பார்க்கச் சொன்னான். அவள் சீலையை விலக்கிப் பார்த்து, "நல்லா எறுக்கித்தான் சொருகியிருக்கு அண்ணா" என்றாள். அவனும் விட்டுவிட்டான்.

ஓணம் நெருங்கியது. படம் போவது நிற்கவில்லை. சுவாமிதாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு டிவிக்காகவா இப்படி?" என்றாள் ஞானபாய்.

"டிவி இல்ல எக்கா. அந்தக் கிழவிக்கு அந்த வீடு போயிரும்."

"அப்ப இங்க இருந்து யோசிச்சா எப்படி? அங்க போய் இரி. போகும்போ பாரு."

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் கடற்கரைக்குப் போனான். அல்போன்சம்மாவின் முன்னறையில் மீட்டரைக் கேமரா வயரில் கோத்து வைத்துவிட்டு, ஓரமாகப் பாயில் உட்கார்ந்தான். அவள் காப்பி கொடுத்தாள். சிபினுடைய சட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். வெளியே வானம் இருண்டது. காற்று திரும்பியது. கடல் ஒரு தடவை பெரிதாக இரைந்தது.

அல்போன்சம்மா எழுந்தாள். படத்தின் முன்னால் போய்ச் சிலுவை போட்டாள். சீலையை விலக்கி அடாப்டரைப் பிடுங்கி, அந்த இடத்தில் விளக்கின் ப்ளக்கைச் சொருகினாள். சிவப்பு பல்பு எரிந்தது. மீட்டரின் முள் சாய்ந்து படுத்துவிட்டது.

சுவாமிதாஸ் மீட்டரைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான்.

"அம்மச்சி, அத என்னத்துக்குப் பிடுங்கினீங்க?"

"எலே, கடல் இரையுது, கேக்கல்லியா? அவன் கடலுக்கு உள்ளயில்லியா நிக்கான்? விளக்கு வேண்டாமா?" குரலைத் தாழ்த்தினாள். "பயசு சொன்னான், இதத் தொடக்கூடாதுன்னு. நான் கேடு ஒண்ணும் செய்யமாட்டேன் மக்கா. கடல் அடங்கினா திரும்ப அங்கயே குத்தி வச்சிருவேன். எப்பவும் அப்படித்தான்."

அந்தச் சுவரில் இருந்தது ஒரே ஒரு சொருகும் இடம். சிபின் உயிரோடிருந்த காலத்திலிருந்தே அது விளக்குக்கானது. பயஸ் அதில் கேமராவைச் சொருகிவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அல்போன்சம்மா யாரையும் குறை சொல்லாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கதவருகே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மதியத்துக்குள் சுவாமிதாஸ் இரண்டு ப்ளக் சொருகுகிற புதிய பெட்டியை அந்தச் சுவரில் வைத்துவிட்டான். ஒன்றில் கேமரா, மற்றதில் விளக்கு. விளக்கைப் போட்டு, அணைத்து, போட்டுக் காட்டினான். முள் அசையவில்லை. ஷெர்லி குருசடிவரை ஓடிவந்து அங்கிருந்தே கத்தினாள்: "போகல்ல அண்ணா! படம் போகல்ல!"

அல்போன்சம்மா அவன் தலையில் கை வைத்தாள். "நீ நல்லாயிருப்ப மக்கா. இனி ரெண்டும் இருக்குமில்லியா?"

அன்று ஞானபாய் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்தாள். அவன் நடந்ததைச் சொல்லி முடித்ததும், இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மறுநாள் காலையில் குழாயடியில் அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பயஸ் ஓணத்துக்கு வந்தான். வந்த மூன்றாம் நாள் சுவாமிதாஸுக்கு ஆள் அனுப்பினான். படம் நன்றாயிருப்பதைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இவன் போனான். ஷெர்லி வீட்டில் அந்தச் சின்ன டிவியின் முன்னால் பயஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஷெர்லி மிஷினில் இருந்தாள், தைக்கவில்லை. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"இரி மக்கா," என்றான் பயஸ். "படம் நல்லா இருக்கு. நீயும் பாரு."

அவன் பார்த்தான். அம்மை வீட்டுக் கதவு இருண்டு கிடந்தது. அதற்குள் சின்னதாக ஒரு வெளிச்சம் முளைத்தது. விளக்கு. கொஞ்ச நேரத்தில் அல்போன்சம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் மடித்த சட்டையும் துவர்த்துத் துண்டும். மகன் நனைந்து வருவான், துடைக்க வேண்டும். கேட்டைத் திறந்து, கேமராவின் எல்லையைத் தாண்டிக் கடல் பக்கம் போனாள். ஷெர்லியின் மூத்த பிள்ளை, சொல்லி வைத்ததுபோல் எழுந்து, பாட்டியைத் தடுக்க ஈசாக்கை அழைக்க ஓடியது.

"இன்னைக்கு இது எத்தனாவது தடவை?" என்று பயஸ் கேட்டான்.

ஷெர்லி மிஷினிலிருந்து துணியை உருவி மடித்தாள்.

"உனக்கிட்டதான் கேக்கேன் பிள்ளே. எல்லா நாளும் இப்படியா?"

"எனக்குத் தெரியாதிருந்துது அண்ணா," என்றாள். "முந்தி விளக்கு போட்டா படம் போயிரும். அம்மை வீட்டிலதான் இருக்கான்னு நெனச்சேன். படம் தெளிஞ்ச பிறகாக்கும் நான் பாத்தது. கடல் இரையும்போ எல்லாம் போறா. ஒரு நாளும் போகாம இல்ல."

சுவாமிதாஸுக்கு வெளுத்த சட்டைக்குள் வியர்த்தது. "கேட்டுக்கு ஒரு கொண்டி வச்சா..." என்று தொடங்கினான். "நான் வெளிய இருந்து ஒரு கொண்டி வச்சுத் தாறேன். ஒரு மணியும் வைக்கலாம், கேட் தொறந்தா இங்க அடிக்கும்..."

பயஸ் எழுந்து அவன் தோளில் கை வைத்தான். அவன் கெட்டவனல்ல. அவனும் அழுதிருந்தான் என்பது பக்கத்தில் வந்தபோது தெரிந்தது.

"அம்மைய நான் பூட்டி வைக்கவா மக்கா? உனக்க வேலைய நீ நல்லா செய்திருக்க. இல்லன்னா இது ஒண்ணும் நமக்குத் தெரியாது. அவ கடலுக்குள்ள போன பிறகுதான் தெரியும்."

ஓணம் கழிந்த வாரத்தில் அல்போன்சம்மாவை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார்கள். கார் ஏறும்போது வீட்டுச் சாவியை ஈசாக்கின் கையில் கொடுத்து, "சிபின் கேட்டா குடு" என்று மட்டும் சொன்னாளாம். ஈசாக் அதற்குப் பிறகு சுவாமிதாஸைக் கண்டால் கேலி பேசுவதில்லை. ஒரு பீடி நீட்டுவான், இவன் வேண்டாம் என்பான்.

கேமராவைக் கழற்றவும் சுவாமிதாஸைத்தான் கூப்பிட்டார்கள். தென்னைகளிலிருந்து கேபிளை இறக்கிச் சுருட்டினான். தான் வைத்தபடியே கனெக்டர்கள் பளிச்சென்று இருந்தன என்று வீட்டில் சொன்னான். புதிதாக வைத்த ப்ளக் பெட்டியை மட்டும் கழற்றவில்லை. சிவப்பு விளக்கை ஷெர்லியிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் துணியில் பொதிந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி சிஸ்டர்மார் இல்லத்துக்குப் போனான். சுத்தமான இடம். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள். அல்போன்சம்மாவின் கட்டில் தலைமாட்டில் சொருகுகிற இடம் இருந்தது. சிஸ்டரின் அனுமதியோடு விளக்கைச் சுவரில் திருகி வைத்து, ப்ளக்கைச் சொருகினான். பல்பு எரிந்தது.

"படம் தெளிஞ்சுதா மக்கா?" என்றாள் அவனைக் கண்டதும்.

"தெளிஞ்சுது அம்மச்சி. விளக்கு கொண்டு வந்திருக்கேன், பாருங்க."

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து எட்டி, ப்ளக்கைத் தானே உருவி அவன் கையில் வைத்தாள்.

"வெறுதே என்னத்துக்கு எரியுது? கடல் இரையல்லியே." தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரப்பர் இலைகளின் சத்தம் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "நான் வந்த நாள்முதல் இரையல்ல. அடங்கிப் போச்சு மக்கா. கடல் கேறிக் கெடந்ததினால அவன் வரல்ல, செரி. இப்போ அடங்கிப் போச்சே. பின்ன ஏன் வரல்ல?"

சுவாமிதாஸ் குனிந்து ப்ளக்கின் இரண்டு கால்களையும் சட்டை நுனியால் துடைத்தான். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தான். சிஸ்டர் வந்து நேரம் ஆயிற்று என்று சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான்.

வீட்டில் ஞானபாய் சோற்றுக்குத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"விளக்கு எரிஞ்சுதா?"

"எரியும் எக்கா," என்றான். "கேடு ஒண்ணும் இல்ல."

கையைக் கழுவினான். ஆனால் தட்டின் முன்னால் வந்து உட்காரவில்லை.