சஷ்டி விரதம் இருந்த பூனை

எங்கள் வீட்டில் நான்கு பேரும் சைவம்: அப்பா, அம்மா, நான், பூனை. பூனையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. "எங்க வீட்டுப் பூனை தயிர்ச்சோறு தவிர எதையும் மோந்துகூடப் பாக்காது" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பாலிடெக்னிக் முடித்து அப்போது டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். கோளாறு, காரணம், தீர்வு என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டுவிட்டுத்தான் திருப்புளியைத் தொடுவேன்.

அந்த வருஷம் கந்த சஷ்டிக்கு அம்மா ஆறு நாள் விரதம். நான்காம் நாள் பூனையும் தட்டைத் தொடவில்லை. நோட்டை எடுத்தேன். சாப்பாடு இல்லை. எச்சில் வடிகிறது. முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. காரணம் என்ற கட்டம் காலி.

அம்மாவுக்குக் காலி இல்லை. "ஏட்டி, அதுவும் விரதம் இருக்கு. கையைத் தூக்கிக் கும்பிடுது பாரு."

"எச்சில் ஒழுகுதேம்மா."

"பசிக்கும்லா? அடக்கிக்கிட்டு இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தரிசித்தார்கள். ஒரு மாமி அதன் நெற்றியில் திருநீறு பூசினாள். தும்மியது. அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். விரதம் இருப்பவரிடம் குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அந்தச் சலுகையைப் பூனைக்கும் கொடுத்துத் தொலைத்தேன்.

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை அம்மா முதல் கவளத்தைப் பூனைக்கு வைத்தாள். அது முகர்ந்துவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் தட்டின் பக்கத்திலேயே சரிந்தது.

"விரதம் முடிஞ்சிட்டு, தின்னு" என்றாள் அம்மா. "செத்துகித்துப் போயிராதே."

காய்கறிக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் அதன் வாயைப் பிளந்து, டார்ச் அடித்து, இடுக்கியை விட்டு எதையோ வெடுக்கென்று இழுத்தார்.

"மீன் முள்ளு. மேல்வாயில குறுக்க மாட்டிக்கிட்டு இருந்திருக்கு."

"நாங்க சைவம்லா!" என்றாள் அம்மா.

"நீங்க சைவம்மா. இது இல்ல."

வீட்டில் மூன்று தடவை ஊற்றி வைத்த பாலை அது நக்கிக் காலி செய்ததும்தான் அம்மா உட்கார்ந்தாள். "நோட்டுல காரணம் பல்வலின்னு எழுது" என்றாள்.

நான்கு நாள் கழித்து, புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பொரிக்கும் வாடை வந்தது. பூனை காதை நிமிர்த்தியது. அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"பைய தின்னு, மூதி. முள்ளு பாத்துத் தின்னு."