பிரித்துவிட்ட பக்கத் தையல்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கு அடுத்த அறையில், இருபத்திரண்டு வருடமாக அவள் அறுவை அரங்கின் பச்சைத் துணிகளைத் தைத்து வந்தாள். எல்லோருக்கும் அவள் தையலக்கா. எந்த உடையானாலும் பக்கத் தையலில் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுவைப்பாள். ஆள் பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கம்தான் அவளைக் கெடுத்தது.

வேலைக்கோட்டு இறுகியபோது ஒரு பக்கம் பிரித்தாள். நான்கு மாதத்தில் மறுபக்கம். பிறகு ஒட்டுத்துணி வைத்தாள். கையும் கழுத்தும் வற்றிக்கொண்டு வந்ததை அவள் அளந்து பார்க்கவில்லை.

“என்னக்கா, மாமா கவனிப்பு பலமா?” என்றான் இஸ்திரிக்காரன்.

“கண்ணு வைக்காதடா, போய் வேலையப் பாரு.”

அளவு கொடுக்க வந்த செவிலிதான் அந்த வயிற்றைப் பார்த்துப் பதறி, அவளை மேலே இழுத்துக்கொண்டு போனாள். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள், நீர் வரவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள்.

“இது குடல்வால்,” என்று படத்தைத் தொட்டுக் காட்டினார் டாக்டரம்மா. “உள்ள ஒரு கட்டி. சளி மாதிரி சுரந்துக்கிட்டே இருந்திருக்கு. வாய் அடைச்சு, வீங்கி, எப்பவோ வெடிச்சிருக்கு. இப்ப வயிறு பூரா அந்தப் பசைதான்.”

“எடுத்துடலாமா?”

“சிறுகுடல் தப்பியிருந்தா எல்லாத்தையும் உரிச்சு எடுத்து, சூடான மருந்து விட்டு உள்ளயே கழுவிடுவேன். பத்து மணி நேரம் ஆகும். அதுலயும் அப்பியிருந்தா முழுசா எடுக்க முடியாது. திறந்து பார்த்தாத்தான் தெரியும்.”

“ஏன் பெருக்குதுன்னு ஒரு தடவகூட யோசிக்கல டாக்டரம்மா. பிரிச்சுப் பிரிச்சு விட்டுட்டேன்.”

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மேலே போர்த்திய துணி அவள் தைத்தது.

கண் விழித்தபோது ஜன்னலில் மதிய வெயில் தகித்தது. பக்கத்தில் கணவர்.

“நல்லபடியா முடிஞ்சுது. சீக்கிரமாவே முடிச்சுட்டாங்க, பாரேன்,” என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“பொய் சொல்லத் தெரியாத மனுஷன். இந்த வயசுல எதுக்குப் பழகுறீங்க?”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். “குடல்வாலை எடுத்துட்டேன். பசையையும் முடிஞ்ச வரைக்கும் வழிச்சு எடுத்தேன். சிறுகுடல் முழுக்க அப்பியிருக்கு, கை வைக்க முடியல. மெதுவா வளர்ற ரகம். திரும்ப நிறையும். நிறைஞ்சா திரும்பத் திறப்பேன்.”

“எத்தனை தடவ?”

“உடம்பு தாங்குற வரைக்கும்.”

அவள் கணவரின் கையைத் தேடிப் பிடித்தாள்.

“இனிமே எதுவானாலும் எங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டே சொல்லுங்க. இவர் தனியாச் சுமக்க மாட்டார்.”