சுவரைப் பார்த்து நின்ற கோச்சு வண்டி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மொக்கையன் கள்ளைத் தொடாத ஆள், கதை கட்டத் தெரியாத ஆள். பட்டப்பகலில், மூடுபனிக்குள் பார்த்ததைத்தான் சாகும்வரை சொன்னான்.

1912, ஆடி மாதம். வண்டன்மேட்டுக்குக் கிழக்கே மலை உச்சியில் ஒரு துரை கட்டிய சத்திரம் இருந்தது. சொந்த ஊரை மறக்க முடியாத மனிதர் போலிருக்கிறது. அங்கே இருப்பதை அப்படியே இங்கே எழுப்பிவிட்டார். நடுவில் கோச்சு வண்டி நுழையும் உயரத்துக்கு வளைவு வாசல். உள்ளே கல் பாவிய முற்றம். இரு பக்கமும் குதிரை லாயம், மேலே மர வராந்தாவோடு தங்கும் அறைகள். வண்டி முன்வாசலில் நுழைந்து, குதிரை மாற்றி, பின்வாசல் வழியாக அடிவாரத்துக்கு இறங்கும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழையில் பின்பக்கத்துச் சாலை சரிந்து, அதில் போன வண்டியையும் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பின்வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். அதன்பிறகு வண்டிகள் முற்றத்திலேயே திரும்பி, வந்த வாசல் வழியாகப் புதுச்சாலைக்குப் போயின.

மொக்கையன் அங்கே குதிரைக்காரன். அன்று அவன் மகள் குருவம்மாளுக்கு இரண்டாவது நாளாகப் பிரசவ வலி. மருத்துவச்சி செபமாலையம்மாள் பயந்துபோயிருந்தாள்.

“இனிமே என்னால ஆகாது மொக்கையா. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. விடியிற வரைக்கும் புள்ள தாங்காது.”

நாலு மணிக் கோச்சு ஒன்றுதான் வழி. லாயத்தில் இளைப்பாறிய குதிரைகள் ஒரே ஜோடிதான் இருந்தன.

மூன்று முப்பத்தைந்துக்கே கொம்புச் சத்தம் கேட்டது. பூம்... பூம்... பூம்...

குதிரைக்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. கொம்பு ஊதிவிட்டால் வண்டியையோ ஆளையோ நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். குனிந்த தலையோடு, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் பழைய ஜோடியை அவிழ்த்துப் புது ஜோடியைப் பூட்டிவிட வேண்டும். அன்றும் மொக்கையன் அப்படித்தான் செய்தான். மகள் உயிருக்குப் போராடும்போது, வண்டி ஏன் முன்னால் வந்தது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

அவிழ்த்த குதிரையின் விலாவில் கை பட்டது. ஏற்றம் ஏறி வந்த குதிரை ஆவி பறக்க நிற்கும். இது ஈரச் சாக்கு மாதிரி ஜில்லென்று இருந்தது. மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டான்.

மூச்சு வாங்கவும் இல்லை...

வண்டிக்குள் யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம். கிரீச்...

செபமாலையம்மாள் தாங்கிப் பிடிக்க, குருவம்மாள் வண்டிப் படியில் ஒரு கால் வைத்தாள்.

“வண்டியத் திருப்பலையாண்ணே?” மொக்கையன் கேட்டான்.

வண்டிக்காரன் திரும்பவில்லை.

“எதுக்குத் திருப்ப? நேராத்தான வழி கெடக்கு. ஏத்து.”

மொக்கையன் நிமிர்ந்தான்.

நேரே... அடைத்த சுவர்.

மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

“எப்பா... உள்ள இருக்கவுக கைய விடமாட்டேங்குறாகப்பா...”

இழுத்தான்.

விழுந்தார்கள்.

டக்... டக்... டக்... குளம்புச் சத்தம். சுவர் வரை.

பிறகு, சுவருக்கு அப்பால்...

ஒரு கல்கூட அசையவில்லை.

மணி மூன்று ஐம்பது. புது ஜோடி இல்லை. அவிழ்த்துக் கட்டிய ஜோடியும் இல்லை.

நாலு மணிக்கு நிஜ வண்டி வந்தது. களைத்த குதிரைகளையே கையில் பிடித்து நடத்தி, மகளை அடிவாரத்தில் சேர்த்தான். அன்று இரவே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். மொக்கையன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

குதிரைகளைத் தொலைத்ததற்குச் சத்திரத்து மேனேஜர் அவனை விடவில்லை. நாலாம் நாள் மழை நின்றதும், கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கித் தேடச் சொன்னார். ஒன்பது வருடமாக யாரும் இறங்காத இடம். கீழே அந்தப் பழைய கோச்சு கிடந்தது. அதன் உளுத்த ஏர்க்காலில் அவனுடைய இரண்டு குதிரைகளும் செத்துக் கிடந்தன. அவன் பூட்டியது பூட்டியபடியே இருந்தது.

கதவைத் தள்ளி உள்ளே பார்த்தான்.

மூன்று எலும்புக்கூடுகள், ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. வண்டி முழுக்கப் பாசி. எதிர்ப் பலகையில் மட்டும் பாசியைப் புதிதாகத் துடைத்திருந்தது... ஒரு பெண் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு.