யாரும் தட்டாத அரை மணி நேரம்

சென்ற ஆண்டு அப்பா மறைந்த மாலை நடந்தவை:

1. 6.20: அப்பா வேலையிலிருந்து திரும்பி, மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை.
2. 6.50: வழக்கமாக உள்ளே வரும் நேரம். வரவில்லை.
3. 7.05: நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அப்பா அசையவில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.
4. அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த சித்தப்பா செங்கல்லால் கண்ணாடியை உடைத்தார். அவர் கை முழங்கை வரை கிழிந்தது.
5. மருத்துவமனையில், மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

"ஏன் முன்னாடியே தட்டல?" துக்கத்துக்கு வந்த உங்களில் பலர் அம்மாவிடம் இதைக் கேட்டீர்கள். அம்மாவின் அனுமதியோடு அதற்கான பதிலை இப்போது நான் எழுதுகிறேன்.

அப்பா மதுராந்தகம் அருகே பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஐ.டி.ஐ. முடித்து, மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவில் சேர்ந்தார். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்தெட்டு ஆண்டுகள். தம்பியைப் படிக்க வைத்தார். பொய் சொன்னதில்லை. எங்களை அடித்தார். இதையும் எழுத வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அண்ணன் மோட்டாரை நிறுத்த மறந்ததால் தொட்டி வழிந்தது. அண்ணன் மீது அப்பா இரும்பு நாற்காலியை வீசினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இன்னொரு தடவை கை நீட்டினா, பசங்கள கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார் அம்மா.

மறுநாள் முதல் அப்பா அரை மணி நேரம் காரிலேயே தனியாக உட்காரத் தொடங்கினார். பாட்டு இல்லை, ஃபோன் இல்லை. அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்றதில்லம்மா. பிரஸ்ஸை ஆஃப் பண்ணாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்தும். அப்ப கைய வச்சா கை போயிடும். அது நிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

பிறகு உள்ளே வரும்போது முகம் தெளிந்திருக்கும். என் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குவார்.

ஒரு மாலை சித்தப்பா பத்தாவது நிமிடமே கண்ணாடியைத் தட்டினார். "இன்னாண்ணா, கார்ல தனிக்குடித்தனமா? வா, காபி ஆறுது" என்று சிரித்தபடி இழுத்து வந்தார். அண்ணன் ஏதோ எதிர்த்துப் பேசினார். அப்பா அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். சித்தப்பா இழுத்தும் பிடி தளரவில்லை. அம்மா அப்பாவின் கையைக் கடித்தார். ரத்தம் வந்த பிறகே விரல்கள் விட்டன.

அம்மா பெட்டியை எடுத்துவிட்டார்.

"கதவ மட்டும் யாரும் தட்டாதீங்க. அது போதும் எனக்கு" என்றார் அப்பா, ரத்தம் சொட்டும் கையோடு.

அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். பதினோரு ஆண்டுகள் யாரும் தட்டவில்லை. அப்பா யாரையும் அடிக்கவில்லை.

அன்று முன்பே தட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

கண்ணாடியை உடைத்து ஏழு தையல் போட்டுக்கொண்ட சித்தப்பாவுக்கும், தம் லோடு வேனில் அப்பாவைக் கொண்டுபோன பக்கத்து வீட்டு பாய்க்கும், அம்மாவுடன் அந்தப் பதினாறு நாளும் இருந்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

கார் இப்போது அண்ணனிடம் இருக்கிறது. வேலை முடிந்து கேளம்பாக்கத்திலிருந்து திரும்பியதும் அவரும் அரை மணி நேரம் அதிலேயே இருக்கிறார். கதவைப் பூட்டுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா வாசல் விளக்கை அணைத்துப் போடுகிறார். அண்ணன் கையை உயர்த்திக் காட்டுகிறார். யாரும் தட்டுவதில்லை.