காது வைத்த ஓடு

யுத்த காலத்தில் கடலூர் முதுநகரில் புது வீட்டுக்குச் சீமை ஓடு போட்டேன். நாட்டு ஓட்டைவிட லேசு என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் கடல் காற்று வீசினால் நாலைந்து ஓடு பறந்து விழுந்து உடையும். ஐப்பசியும் பிறந்துவிட்டது, என் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

அப்போதுதான் ஓட்டைப் பார்க்கப் படகு கட்டும் ஆசாரி ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையெல்லாம் தார்க்கறை. எதையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஓர் ஓட்டைத் தட்டிவிட்டுத் திருப்பிக் காட்டினார்.

"ஓட்டுமேல குத்தமில்லீங்க. அடியில துளை போட்ட காது இருக்குது பாருங்க, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"தெரியலையே!"

"கட்டறதுக்குங்க! லேசான ஓட்ட சும்மா வச்சா காத்து தூக்காதா?"

கம்பி கிடைக்காத காலம். தார் தோய்த்த கயிற்றால் ஒவ்வோர் ஓட்டையும் சட்டத்தோடு கட்டினார். மூன்றாம் நாள் புயல் அடித்தது. தெருவில் கூரைகள் பறந்தன. எங்கள் ஓடு ஒன்றுகூட அசையவில்லை. காற்று தணிந்ததும் ஆசாரி நனைந்தபடி ஓடி வந்தார்.

"நிக்குதுங்க, அத்தனையும் நிக்குது!" என்று குதித்தார். நானும் சேர்ந்து குதித்தேன்.

"உங்க வீடு எப்படி இருக்கு?" என்றேன்.

"அது கீத்துக் கூரைங்க, போயிடுச்சு" என்றார், சிரிப்பு மாறாமல்.

அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.