தோற்றவள் கை

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின் மாதம் இரண்டு தடவை படுத்துக்கொள்ளும். சலவைப் பிரிவின் எக்ஸ்ரே அக்கா ஒரு நாளும் படுத்ததில்லை. மேனேஜர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். குதிகால் தேய்ந்த செருப்பைப் பார்த்து, மூன்றாம் நாளே அவர் வாட்ச்மேன் என்று கண்டுபிடித்தாள். பிறகு புருஷனும் கொழுந்தனும் கூட்டுச் சேர்ந்து, ரம்மியில் அவளைத் தோற்கடித்துப் பாத்திரம் கழுவ வைத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குட்டும் உடைந்தது. இன்றுவரை அந்த வீட்டில் பாத்திரம் ஆண்கள் பாடு.

மதியம் சாப்பிட்டதும் துணி மடிக்கும் மேசையில் நாங்கள் நான்கு பேரும் ஒரு ஆட்டம் ரம்மி போடுவோம். அதிகப் புள்ளியோடு மாட்டுகிறவள் ஆபரேஷன் தியேட்டர் மூட்டையைப் பிரிக்க வேண்டும். எல்லாம் ரத்தத் துணி. நடுவில் யாரோ மறந்த கத்தரிக்கோல் வேறு கையைக் கிழிக்கும்.

பத்து ஆட்டத்தில் நான் ஆறு தடவை மாட்டினேன். ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகியே திரியும் 'சாவி' நான்கு தடவை. இஸ்திரிக்கு வந்த புதுப்பெண் ஒரு தடவைகூட இல்லை. பூனை மாதிரி இருந்துகொண்டு சீட்டில் குறி வைக்கிறாள் என்று அக்காவிடம் பற்றவைத்தேன்.

"ஜெயிச்சவ கையை எல்லாரும் பாக்கறீங்க. தோத்தவ கையைப் பாரு" என்றாள் அக்கா.

அன்று தோற்றவள் சாவி. புதுப்பெண் எழுந்து போனதும் அக்கா சாவியின் சீட்டைத் திருப்பினாள். எட்டும் பத்தும் கையில் இருக்க, நடு ஒன்பதை, அடுத்து ஆடும் புதுப்பெண் எடுத்துக்கொள்ளட்டும் என்று கீழே இறக்கியிருந்தாள்.

சாவி ஒப்புக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம். மூட்டையைப் பிரித்தால் வாந்தி வரும், விஷயம் வெளியே வரும். தற்காலிக வேலை, தெரிந்தால் சூப்பர்வைசர் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார். நிரந்தர ஆர்டருக்கு இன்னும் இரண்டு மாதம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆறு மூட்டை பிரித்த எரிச்சலும் கூடவே இருந்தது.

அக்கா சாவியை முறைத்தாள். "ஏமாத்தறது தப்பு. இவ்வளவு கேவலமா ஏமாத்தறது அதைவிடத் தப்பு. எந்திரி, அந்த இடத்துல நான் உக்காரறேன்."

அந்த இரண்டு மாதமும் புதுப்பெண் தோற்கவே இல்லை. அக்கா தோற்ற நாளெல்லாம் அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு செட்டும் உடைந்திருக்கவில்லை. எந்தச் சீட்டு எப்படிப் போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆர்டர் கைக்கு வந்த அன்றே அந்தப் பெண் சூப்பர்வைசரிடம் தானே விஷயத்தைச் சொன்னாள். மனுஷன் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவள் முதல் ஆட்டத்தில் தோற்றாள். மறுநாளும் தோற்றாள். அக்கா மட்டும் அவள் பக்கத்து இடத்தை விட்டு மாறவில்லை. பத்தாவது மூட்டையன்று அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஏமாத்தறீங்களா?"

"திருப்பிப் பாரேன்" என்று அக்கா தன் சீட்டைத் தள்ளினாள்.

அவள் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவள் மூட்டையை இழுத்துக்கொண்டு போனாள். ஆறு மூட்டை பிரித்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அக்கா மேல் உண்மையான மரியாதை வந்தது.