பால் புட்டியைக் கவிழ்த்தவள்

நம்பாதவர்கள் எங்கள் சமையலறைக்கு வந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

வட கரோலினாவில் டெல்மர் கவுன்ட்டி. என் கணவன் டெர்வினின் முன்னோர்கள் அடிமைகளாகப் பருத்தி பறித்த மண். இன்று இங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பண்ணைக் கழிவெல்லாம் குளமாகத் தேங்கி நிற்கும். நிரம்பினால் வயலில் பீய்ச்சி அடிப்பார்கள். காற்று திரும்பினால் காயப்போட்ட துணியில் பழுப்புப் புள்ளிகள். வாயில் வைத்த சோளரொட்டிகூட நாறும்.

போன மார்ச்சில் என் மாமியார் ஐடெல்லா செத்துப்போனாள். செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் கல்லறைமேல் வைப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். உடைக்காவிட்டால் ஆள் திரும்பி வரும். நீலப் பூ போட்ட கோப்பை. உடைக்க மனசு வரவில்லை. முழுசாகவே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம். விடியற்காலை ஐந்தேகால். என் இரண்டு மாதக் குழந்தை மைக்காவுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிப் பால்மாவு கலக்கி, புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

டொக்!

புட்டி கவிழ்ந்து கிடந்தது. சிந்திய பாலின்மேல் பழுப்பாக, கொழகொழவென்று... பன்றிக் கழிவு! அதில் ஐந்து விரல் தடம். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மறுநாளும் அப்படியே.

"உங்கம்மா வேலைதான். உசுரோட இருந்தப்ப என் சமையலைக் கொட்டுச்சு. இப்ப பச்சப்புள்ள பாலையுமா?"

"போடி. பூனையா இருக்கும்."

"உங்க ஊர்ப் பூனைக்கு அஞ்சு விரலா, டெர்வின்?"



அதற்கடுத்த நாள் கண்ணால் பார்த்தேன்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு அவள். சவப்பெட்டியில் உடுத்திவிட்ட அதே வெள்ளை உடை, கழுத்துவரை கழிவில் ஊறி...

சொட்... சொட்...

வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. கழிவுதான் வழிந்தது. அந்தக் கை, என் குழந்தையின் புட்டியை நோக்கி நீண்டது.

"சீ! தூ! போய்த் தொலை!"

விடிந்ததும் டெர்வின் சுத்தியலோடு கல்லறைக்கு ஓடினான். கோப்பையை நொறுக்கிவிட்டு வந்தான்.

"முடிஞ்சுது. இனி அம்மா வராது."

வரவில்லை.

மைக்கா புட்டி புட்டியாகக் குடித்தான்.

ஒரு வாரம் போனது. அவன் உதடு நீலமானது.

நகம்... முகம்...

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "பாலுக்கு எந்தத் தண்ணிம்மா?"

"எங்க கிணத்துத் தண்ணி. நல்லா காய்ச்சித்தான்..."

"காய்ச்சினாலும் தண்ணியில இருக்கிற நைட்ரேட் விஷம் போகாது. இன்னும் ரெண்டு புட்டி குடிச்சிருந்தா, நீ தூக்கிட்டு வந்திருக்கவே வேணாம்."

மைக்கா பிழைத்தான். பிறகு தண்ணீரைச் சோதிக்க வந்தவர் எங்கள் நிலத்தைச் சுற்றித் துளை போட்டுப் பார்த்தார். கழிவுக் குளம் அடியில் கசிந்து, மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து எங்கள் கிணற்றுக்கு வந்திருக்கிறது. வந்த வழியையும் காட்டினார்.

குளத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது எங்கள் கல்லறைத் தோட்டம். கிணற்றுக்கு வருவதற்கு முன்பே அது ஐடெல்லாவின் பெட்டிக்குள் நிரம்பியிருந்தது. கழுத்துவரை.